தொல்லியல் படித்தாயிற்று, பேராசிரியர் வேலை வேண்டாம்: அடுத்து என்ன செய்வது?

எம்.ஏ. முடித்த கையோடு கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுது, பிஎச்.டி. சேர், கௌரவ விரிவுரையாளராகப் போ. தொல்லியல் மாணவர்களுக்குத் துறையில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இவ்வளவுதான். சொல்பவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் வந்த வழி அது. ஆனால் அகழாய்வுக் குழியில் இறங்கி வேலை பார்க்கவோ, அருங்காட்சியகத்தில் பொருட்களைப் பராமரிக்கவோ, கோயில் கல்வெட்டுகளைப் பதிவு செய்யவோ ஆசைப்படுகிறவருக்கு அந்த வழி அவ்வளவாக உதவாது. அவருக்கு உதவக்கூடியதை யாரும் எழுதியும் வைக்கவில்லை. ஆளாளுக்குக் கேட்டு, அலுவலகம் அலுவலகமாக அலைந்து தெரிந்துகொண்டதை, பின்னால் வந்த தம்பி தங்கைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தேன். அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் படித்துவிட்டு இந்தியாவுக்குள் வேலை தேடுபவர்களுக்கானது இது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திறமை போதாமல் வேலையை இழந்தவர்களைவிட, செய்த வேலைக்குக் காகிதம் இல்லாமல் இழந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி காகிதத்தைப் பற்றித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்யுங்கள்

யூடியூபில் இங்கிலாந்து, அமெரிக்கத் தொல்லியலாளர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, இங்கேயும் தனியார் அகழாய்வு நிறுவனங்கள் வரிசையாக ஆள் எடுக்கும் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் கட்டடம் கட்டுபவரே தன் செலவில் முன்கூட்டித் தொல்லியல் ஆய்வு செய்யவேண்டி வருகிறது. அதை நம்பி ஒரு தொழிலே நடக்கிறது. இந்தியாவில் சட்டம் வேறு மாதிரி. 1958ஆம் ஆண்டு நினைவுச்சின்னங்கள் சட்டத்தில் 2010இல் வந்த திருத்தத்தின்படி, மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. தடைப் பகுதியில் புதிதாகக் கட்டமுடியாது, ஒழுங்குமுறைப் பகுதியில் கட்ட அனுமதி வாங்கவேண்டும், அவ்வளவுதான். மற்ற இடங்களில் அஸ்திவாரம் தோண்டும்போது கூடவே ஒரு தொல்லியலாளர் நிற்கவேண்டும் என்ற பொதுவான கட்டாயம் கிடையாது.

ஆகவே இங்கே வேலை இருக்கும் இடங்கள் இவை: மத்தியத் தொல்லியல் துறை, மாநிலத் தொல்லியல் துறை, இந்த இரண்டிலும் கிடைக்கும் திட்டக்கால ஒப்பந்த வேலைகள், அரசு மற்றும் தனியார் அருங்காட்சியகங்கள், கோயில் திருப்பணிக்கு முந்தைய ஆவணப் பணி, இன்டாக் போன்ற மரபுப் பாதுகாப்பு அமைப்புகள், மரபுக் கட்டடங்களில் வேலை செய்யும் கட்டடக்கலை நிறுவனங்கள், வரைபடம் மற்றும் முப்பரிமாணப் பதிவு வேலைகள், மரபு நடைச் சுற்றுலா. இதில் ஒன்றை முதன்மையாகவும் ஒன்றைத் துணையாகவும் பிடித்துக்கொள்ளுங்கள். அரசு வேலை மட்டுமே என்று உட்கார்ந்தால் அறிவிப்புக்கும் அறிவிப்புக்கும் நடுவே ஆண்டுகள் ஓடிவிடும். ஒப்பந்த வேலை மட்டுமே என்றால் கல்யாணப் பேச்சு வரும்போது வீட்டில் சிரமம்.

2. உங்கள் பட்டத்தின் பெயரைச் சரிபாருங்கள்

இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். அரசு அறிவிப்பில் கல்வித் தகுதி என்று ஒரு பட்டத்தின் பெயர் இருக்கும். உங்கள் பட்டச் சான்றிதழில் வேறு பெயர் இருக்கலாம். ‘வரலாறு’, ‘பண்டைய வரலாறும் தொல்லியலும்’, ‘இந்தியப் பண்பாடு’ எல்லாம் உங்களுக்கு ஒன்றாகத் தெரியலாம், விண்ணப்பத்தைப் பார்க்கிறவருக்கு அப்படித் தெரியாது. டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் பெயர் மாறினால் அந்தப் பட்டம் கேட்கப்பட்ட பட்டத்துக்கு இணையானது என்று உயர்கல்வித் துறை வெளியிட்ட சமநிலை அரசாணையைக் காட்டவேண்டும். ஏற்கெனவே வந்த அரசாணைகளை முதலில் தேடுங்கள். உங்கள் பட்டத்துக்கு இல்லையென்றால் பல்கலைக்கழகப் பதிவாளர் வழியாகக் கேட்கவேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். அறிவிப்பு வந்தபிறகு தொடங்கினால் முடியாது.

பழைய அறிவிப்புகளை இறக்கி வைத்துப் படியுங்கள். தேர்வாணையங்களின் தளங்களில் பல ஆண்டு அறிவிப்புகள் கிடைக்கும். கடைசியாக வந்த இரண்டு மூன்று அறிவிப்புகளில் தகுதிப் பகுதியை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எப்போதும் கேட்கிறார்கள், எது மாறுகிறது என்று தெரிந்துவிடும்.

முதுகலைக்கு மேல் ஒரு பட்டயம் கேட்கும் பதவிகள் உண்டு. அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, கிரேட்டர் நொய்டாவில் மத்தியத் தொல்லியல் துறை நடத்தும் பண்டித தீனதயாள் உபாத்யாய தொல்லியல் நிறுவனத்தின் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயம். 2020 அக்டோபரில் வந்த அறிவிப்பில் தகுதி மொழிகளில் தமிழ் விடுபட்டு, எதிர்ப்புக்குப் பிறகு சேர்க்கப்பட்டது நினைவிருக்கும். ஆக, தமிழ் எம்.ஏ. படித்தவர்களும் அறிவிப்பைப் பார்க்கலாம். வயது வரம்பும் மதிப்பெண் வரம்பும் உண்டு. எம்.ஏ. முடித்து நாலைந்து ஆண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று, மாநிலத் தொல்லியல் துறை சென்னையில் நடத்தும் கல்வெட்டியல், தொல்லியல் பட்டயம். இடங்கள் சொற்பம். ஆனால் மாநிலத் துறையில் வேலை செய்ய நினைப்பவர்களுக்கு இதைவிட நேரான பாதை எனக்குத் தெரியவில்லை.

3. சாதி, மொழி, பெயர்: மூன்று காகிதங்கள்

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பதவிக்கு வேண்டிய தகுதிப் படிப்பு வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்கவேண்டும், ஒவ்வொரு நிலைக்கும் அந்தந்தப் பள்ளி, கல்லூரியிலிருந்து சான்று வேண்டும். தொடக்கப்பள்ளி மூடப்பட்டிருக்கலாம், வேறு பள்ளியோடு இணைந்திருக்கலாம், தலைமையாசிரியர் விடுமுறையில் இருக்கலாம். மே மாதம் போனால் பள்ளியில் யாரும் இருக்கமாட்டார்கள். ஜூன், ஜூலையில் போங்கள்.

மத்திய அரசு வேலைக்கு ஓபிசி ஒதுக்கீடு கேட்பவர்கள் கவனிக்கவேண்டியது: நம் மாநில பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவைச் (கிரீமி லேயர்) சாராதவர் என்று குறிப்பிடும் தனிச் சான்றிதழ் வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள், இரண்டு பட்டியலும் ஒன்றல்ல. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க 60 ரூபாய். வருமானத்தைப் பொறுத்தது என்பதால் பழைய தேதியிட்ட சான்றிதழை ஏற்காமல் போவதும் உண்டு. அறிவிப்பில் எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியது என்று கேட்டிருக்கிறார்களோ, அதன்படி புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், பட்டத்தில் எழுத்து ஒன்று கூடுதல். தமிழ்நாட்டில் இது எல்லோருக்கும் உள்ள தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதையே மூலமாக வைத்து மற்றதை மாற்றுங்கள்.

கட்டணங்கள் பெரிதில்லை. டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவு 150 ரூபாய், 5 ஆண்டு செல்லும். யூபிஎஸ்சியின் நேரடி நியமன விண்ணப்பத்துக்கு 25 ரூபாய், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவும் இல்லை. இதற்குப் பல ஆயிரம் கேட்டு ‘நாங்களே விண்ணப்பித்துத் தருகிறோம்’ என்கிறவர்களிடம் போகாதீர்கள்.

4. களத்தில் இடம் பிடிப்பது எப்படி, எப்போது

அகழாய்வு அனுமதி மத்திய அரசிடமிருந்து வருவது. அதன் பருவம் அக்டோபரில் தொடங்கிச் செப்டம்பர் 30இல் முடியும். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபிறகுதான் மண்வெட்டி எடுப்பார்கள் என்பதால் நடைமுறையில் ஜனவரிக்குப் பிறகே வேலை சூடுபிடிக்கும். எல்லா மாணவர்களும் செய்தித்தாளில் ‘அகழாய்வு தொடங்கியது’ என்று படித்தபிறகு விண்ணப்பிக்கிறார்கள். அப்போது ஆள் எடுத்து முடிந்திருக்கும். நவம்பர், டிசம்பரிலேயே கடிதம் போய்ச் சேரவேண்டும்.

கடிதம் ஒரு பக்கம் போதும். யார், எங்கே படிக்கிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வரமுடியும், என்ன தெரியும். உங்கள் துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதம் இணைப்பாக. ‘தொல்லியல்மீது தீராத ஆர்வம்’ என்றெல்லாம் எழுதவேண்டாம், அதை எல்லோரும் எழுதுகிறார்கள். ‘பானை ஓடு வரையத் தெரியும், மாதிரி இணைத்திருக்கிறேன்’ என்று ஒரு வரி எழுதி, வரைந்த தாளை இணைத்தால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

போவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள்: தங்கும் இடம் உண்டா, சாப்பாடு யார் பொறுப்பு, பயணப்படி உண்டா, சான்றிதழ் தருவார்களா, யார் கையெழுத்தில். பெண்கள் கழிப்பறை வசதியையும் தங்குமிடத்தில் வேறு யார் இருப்பார்கள் என்பதையும் நேராகவே கேளுங்கள். தயங்க ஒன்றுமில்லை. பதில் மழுப்பலாக வந்தால் அந்தத் தளத்தை விட்டுவிடலாம்.

கையில் கொத்தனார் கரண்டி ஒன்று, அகலமும் மெல்லிசுமாக இரண்டு பிரஷ், 5 மீட்டர் டேப், கிராஃப் தாள், கூர்மையான கடினப் பென்சில், தொப்பி. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடித்துவிடலாம். மண் நிறம் பார்க்கும் மன்செல் அட்டையை வாங்கக் கிளம்பாதீர்கள், விலை அதிகம், தளத்திலேயே இருக்கும். டெட்டனஸ் ஊசியை ஆரம்பச் சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் குழியில் இறங்கும் முன் மூலைகளை ஒருமுறை பார்க்கவேண்டும். இரவு விழுந்த பாம்பு ஏறிப்போக வழியில்லாமல் அங்கேயே இருக்கும்.

5. அங்கே எதைக் கற்றுக்கொள்வது

மண்ணை வெட்டுவது உள்ளூர்த் தொழிலாளர்கள். அவர்களில் பலருக்குக் கரண்டி படும் சத்தத்திலேயே மண் மாறியது தெரிந்துவிடும். அவர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அந்த வேலைக்காக உங்களை எடுக்கவில்லை. உங்கள் வேலை பதிவு. குழி எண், கால்குழி (குழியை நாலாகப் பிரித்ததில் எந்தப் பகுதி), மண்ணடுக்கு, ஆழம், தேதி: இந்த ஐந்தும் ஒவ்வொரு பையிலும் இருக்கவேண்டும். பைக்குள் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. பேனாவில் எழுதினால் ஈரத்தில் ஊறிப்போகும், பென்சிலில் எழுதுங்கள்.

முடிந்தால் பாட்டரி யார்டில் வேலை கேளுங்கள். வெயிலில் ஓடுகளைக் கழுவிக் காயவைத்துப் பிரிக்கும் இடம். பார்க்க அலுப்பான வேலை, படம் எடுத்துப் போட ஒன்றுமிருக்காது, ஆகவே மாணவர்கள் தப்பித்து ஓடுவார்கள். ஆனால் வெளி வேலைக்கு நேராகப் பயன்படுவது அங்கே கற்பதுதான். கறுப்பு-சிவப்புப் பானை ஓடு எது, செம்பூச்சு ஓடு எது, சுடும்போது கறுத்தது எது, புழக்கத்தில் கறுத்தது எது என்று ஆயிரக்கணக்கில் கையில் எடுத்துப் பார்க்காமல் வராது.

வரையவும் அங்கேயே பழகிவிடலாம். ஒரு விளிம்புத் துண்டை எடுத்துத் தலைகீழாக மேசையில் கவிழ்த்து வையுங்கள். மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். விளிம்புக்கும் மேசைக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் கோணம் சரியில்லை. விளிம்பு முழுதும் மேசையில் படிந்து வெளிச்சம் அடைபடுகிறதே, அந்தச் சாய்வில்தான் பானையின் வாய் இருந்தது. அப்படியே ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் வரைந்த தாளில் வைத்து, எந்த வட்டத்தோடு வளைவு ஒட்டுகிறது என்று பார்த்தால் விட்டம் கிடைக்கும். முழு வாயில் 5 சதவீதம்கூட இல்லாத துண்டு என்றால் விட்டத்தை நம்பமுடியாது, அதையும் ஓரத்தில் எழுதிவிடுங்கள். நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் வெட்டுமுகம், வலப்பக்கம் வெளித்தோற்றம் என்று வரைவது இங்கே வழக்கம். அமெரிக்கப் புத்தகத்தைப் பார்த்துப் பழகினால் பெரும்பாலும் மாறி வரும்.

டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி), ஜிபிஎஸ் கருவி தளத்தில் இருந்தால் பிடித்து நிற்பதோடு விடாதீர்கள், தரவை இறக்கும்போதும் பக்கத்தில் இருங்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரிய ஒரு பொறி இதில் உண்டு. உலகை நெடுக்குவாக்கில் மண்டலங்களாகப் பிரித்து இடத்தைக் குறிக்கும் யூடிஎம் முறையில், 43, 44ஆம் மண்டலங்களைப் பிரிக்கும் 78 டிகிரி கிழக்குக் கோடு நம் மாநிலத்தின் நடுவே போகிறது. கீழடி 44ஆம் மண்டலம். ஆதிச்சநல்லூரும் கொடுமணலும் 43. மதுரைப் பக்கத்துக் கோப்பை அப்படியே நகலெடுத்து திருநெல்வேலித் தளத்துக்குப் பயன்படுத்தினால் புள்ளிகள் பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் விழும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இந்த இரண்டு மண்டலங்களுக்கான 32643, 32644 என்ற எண்களையும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

6. அனுபவச் சான்றிதழ்: தளத்தை விட்டுக் கிளம்பும் முன்

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அகழாய்வில் ‘கலந்துகொண்டார்’ என்று பூவேலைக் கரை போட்ட அட்டை ஒன்று கொடுப்பார்கள். ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டலாம். அனுபவம் கேட்கும் பதவிக்கு அது உதவாது.

யூபிஎஸ்சி தன் அறிவிப்புகளோடு அனுபவச் சான்றிதழுக்கு ஒரு படிவமே தருகிறது. அதைப் பதிவிறக்கிக் கையோடு தளத்துக்குக் கொண்டுபோங்கள். சான்றிதழில் இருக்கவேண்டியவை: நிறுவனத்தின் முகப்புத்தாள், கடித எண், தேதி, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை வேலை செய்தீர்கள், என்ன பெயரில், முழுநேரமா பகுதிநேரமா, ஊதியம் எவ்வளவு, என்னென்ன பணிகள், கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, முத்திரை. ‘2023 பருவத்தில்’ என்று பொத்தாம்பொதுவாக இருந்தால் செல்லாது. ‘அகழாய்வுப் பணிகளில் ஈடுபட்டார்’ என்ற ஒற்றை வரியும் போதாது. குழி மேற்பார்வை, மண்ணடுக்கு வரைதல், தொல்பொருள் பதிவேடு பராமரித்தல், நிழற்படம் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே வரைவைத் தட்டச்சு செய்து, மரியாதையாக, ‘ஐயா, நீங்கள் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் போதும்’ என்று நீட்டுங்கள். அதிகாரிகளுக்கு மனம் இல்லாமல் இல்லை, நேரம்தான் இல்லை. அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் விடாதீர்கள். அகழாய்வுத் தலைவர்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கீழடியில் மத்தியத் துறையின் அகழாய்வை நடத்தியவர் 2017இல் அசாமுக்கு மாற்றப்பட்டார், நாடே பேசியது. பேசப்படாத மாற்றல்கள் எத்தனையோ. அப்படி ஒருவர் போன பிறகு வருபவர், தான் பார்க்காத வேலைக்குக் கையெழுத்திடத் தயங்குவது நியாயம்தான்.

இன்னும் இரண்டு. சில அறிவிப்புகள் பட்டம் பெற்றபிறகு கிடைத்த அனுபவத்தை மட்டுமே கணக்கில் எடுக்கும். எம்.ஏ. படிக்கும்போதே போன பருவங்கள் கற்றுக்கொள்ள உதவும், கணக்குக்கு உதவாமல் போகலாம். அப்புறம், ஊதியம் வங்கிக் கணக்கில் வரட்டும். சான்றிதழில் சந்தேகம் வந்தால் வங்கி வரவு துணைக்கு நிற்கும்.

7. உங்கள் வேலைக் கோப்பு

தனியார் பக்கமும் தொண்டு நிறுவனங்கள் பக்கமும் சான்றிதழைவிட ‘நீங்கள் செய்ததைக் காட்டுங்கள்’ என்றுதான் கேட்பார்கள். பத்துப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு பிடிஎஃப் போதும். சுத்தமாக வரைந்த மண்ணடுக்குப் படம் ஒன்று, பானை ஓட்டு வரைபடம் நாலைந்து, ஒரு ஊரின் தொல்லியல் எச்சங்களைக் குறித்த வரைபடம், இரண்டு பக்கக் கள அறிக்கை, ஒரு கல்வெட்டின் படமும் உங்கள் வாசிப்பும்.

இதில் ஒரு பெரிய பொறி. இன்னும் வெளியிடப்படாத தொல்பொருளின் படத்தை அனுமதியில்லாமல் கோப்பில் போடாதீர்கள், ஸ்டேட்டஸில் போடவே போடாதீர்கள். அந்தப் பொருள் தொல்லியல் துறைக்குச் சொந்தம், அதை முதலில் அறிவிக்கும் உரிமையும் அவர்களுடையது. ஒரு தங்கத் துண்டின் படம் வாட்ஸ்அப்பில் பரவினால் அன்றிரவே தளத்துக்குக் காவல் போடவேண்டி வரும். அதன்பிறகு அந்தப் பக்கம் உங்களை யாரும் கூப்பிடமாட்டார்கள். ஏற்கெனவே அறிக்கையில் வந்தவை, அல்லது எழுத்தில் அனுமதி பெற்றவை மட்டும். அதேபோல் மேற்பரப்பில் கிடக்கிறதே என்று ஓடுகளை வீட்டுக்கு எடுத்துவந்து ‘என் சேகரிப்பு’ என்று நேர்காணலில் காட்டுவதும் வேண்டாம். படமெடுங்கள், இடத்தைக் குறியுங்கள், அங்கேயே விட்டுவிடுங்கள்.

8. கூடவே ஒரு தொழில்திறன்

தொல்லியல் மட்டும் தெரிந்தவரைவிட, தொல்லியலும் கூடவே இன்னொன்றும் தெரிந்தவருக்கு மாதத்தில் அதிக நாள் வேலை கிடைக்கிறது. கியூஜிஐஎஸ், படம் வரைய இங்க்ஸ்கேப், முப்பரிமாணப் பதிவுக்கு வெப்ஓடிஎம், மெஷ்ரூம் எல்லாம் இலவசம். முதல் இரண்டையும் சுமாரான லேப்டாப்பிலேயே தொடங்கிவிடலாம், முப்பரிமாண வேலைக்குக் கொஞ்சம் வலுவான கணினி வேண்டும். பணம் கட்டிச் சான்றிதழ் வகுப்பில் சேரும் முன் உங்கள் ஊர்க் குளத்தையும் கோயிலையும் நடுகல்லையும் வரைபடத்தில் ஏற்றிப் பாருங்கள், பாதி கற்றுவிடலாம்.

ட்ரோன் பற்றிக் கேட்காதவர் இல்லை. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி காசுக்காக ட்ரோன் பறக்கவிட, 250 கிராமுக்கு மேற்பட்ட கருவி என்றால் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் படித்து ட்ரோன் இயக்குபவர் சான்று பெறவேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 18 வயது போதும். பயிற்சிக்கு இடத்தைப் பொறுத்து முப்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் வரை கேட்கிறார்கள், சில நாள் வகுப்புதான். ஆனால் சான்று இருக்கிறது என்பதற்காகப் பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் மேலே பறக்கவிட முடியாது, அதற்குத் துறையின் அனுமதி தனி. கையில் வேலை வராமல் இந்தச் செலவைச் செய்யாதீர்கள் என்பது என் கருத்து.

தமிழ் மாணவர்களுக்கு ட்ரோனைவிடப் பெரிய மூலதனம் கல்வெட்டு வாசிப்பு. தமிழி (தமிழ்-பிராமி), வட்டெழுத்து, கிரந்தம், சோழர் காலத் தமிழ் எழுத்து இவற்றில் இரண்டையாவது தடையில்லாமல் படிப்பவர்கள் குறைவு. கோயில் திருப்பணி, அருங்காட்சியகப் பட்டியல், மின்னாக்கத் திட்டம் எல்லாவற்றிலும் இந்த ஆளைத் தேடுகிறார்கள். மைப்படி (கல்வெட்டைத் தாளில் மையால் ஒற்றி எடுக்கும் நகல்) எடுக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். கல்லைத் தேங்காய்நார்த் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் சீராகத் தட்டி, தாள் அரைகுறையாகக் காய்ந்த பதத்தில் மை ஒற்றவேண்டும். ஈரம் கூடினால் மை பரவும், காய்ந்துவிட்டால் தாள் உரிந்துவிடும். பதம் கைக்கு வர ஒரு நல்ல ஆசிரியர் பக்கத்தில் இருக்கவேண்டும், வீடியோ பார்த்து வராது. பாதுகாக்கப்பட்ட கோயில் என்றால் துறையிடமும், மற்றவற்றில் கோயில் நிர்வாகத்திடமும் அனுமதி வாங்காமல் கல்லில் தண்ணீர்கூடத் தெளிக்காதீர்கள்.

9. கூலி பேசுவது

ஒப்பந்த வேலையில் வாய்வார்த்தை போதாது. மின்னஞ்சலிலாவது நாலு வரி வேண்டும்: என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு, பயணமும் தங்குமிடமும் யார் பொறுப்பு, பணம் எப்போது, அறிக்கையில் உங்கள் பெயர் வருமா. களத்தில் பத்து நாள் என்றால் அதை எழுதி முடிக்க வீட்டில் இன்னும் பத்து நாளாவது ஆகும். அந்த நாட்களுக்கும் சேர்த்துப் பேசுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் பாதிக் கூலிக்கு வேலை செய்கிறார்கள்.

தொழில்முறைக் கட்டணமாகக் கொடுத்தால் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிக்கலாம். பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள். வருமானம் வரி வரம்புக்குக் கீழே என்றால் கணக்குத் தாக்கல் செய்து அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கலாம். சின்னத் தொகைதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கணக்குத் தாக்கல் செய்த ரசீது நாளை வங்கிக் கடனுக்கும் விசாவுக்கும் உதவும்.

10. இந்த வேலைகளை ஏற்காதீர்கள்

‘வீட்டில் பழைய சிலை இருக்கிறது, எந்தக் காலம் என்று எழுதிக் கொடுங்கள்’ என்று யாராவது வருவார்கள். உங்களுக்குத் தொகை நன்றாகவே பேசுவார்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் சட்டத்தின்கீழ் நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பம் தொல்பொருள், சிலைகளைப் பதிவு செய்யவேண்டும், ஏற்றுமதிக்குத் தடை. உங்கள் கையெழுத்திட்ட தாள் நாளை சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவின் மேசையில் இருக்கலாம். பதிவு அலுவலரிடம் போகச் சொல்லி அனுப்பிவிடுங்கள். புதையல் தேடும் கருவியோடு வருபவர்களிடம் அதுகூடப் பேசவேண்டாம். நிலத்தில் பொருள் கிடைத்தவருக்கு, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். உரிமம் இல்லாமல் ‘சின்னதாக ஒரு குழி’ போட்டுப் பார்க்கலாம் என்று அழைக்கும் உள்ளூர் ஆர்வலர்களும் உண்டு. நல்லவர்கள்தான், ஆனாலும் போகாதீர்கள்.

11. வழிகாட்டி ஒருவர் வேண்டும், ஒருவரே போதாது

பேராசிரியர் பாடம் சொல்லித்தருவார். ஆனால் டெண்டர், ஒப்பந்தம், கூலி பற்றி அவருக்குத் தெரிய வாய்ப்பு குறைவு. உங்களைவிட நாலைந்து ஆண்டு மூத்தவராக, இப்போது ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஓர் அண்ணனையோ அக்காவையோ பிடியுங்கள். எந்தத் தளத்தில் சம்பளம் தாமதமாகும், எங்கே கற்றுக்கொள்ளலாம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ‘வேலை வாங்கிக் கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள். ‘என் கோப்பைப் பார்த்து எது தேறாது என்று சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். இதற்கு மறுப்பவர் அரிது.

ஆசிரியர்களாக இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்றாம் செமஸ்டரிலேயே மாணவர்களை ஒரு முழு அறிக்கை எழுத வையுங்கள், தனியாளாக அல்ல, நாலு பேர் குழுவாக, நாள் குறித்து, செலவுக் கணக்கோடு. வெளியே அப்படித்தான் வேலை நடக்கிறது. துறையில் ஆய்வு செய்யாமல் வெளியே போன பழைய மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பேச வையுங்கள், பயணச் செலவைக் கொடுத்து. அனுபவச் சான்றிதழின் வரைவு ஒன்று உங்கள் துறை அலுவலகத்தில் தயாராக இருக்கட்டும். உங்கள் அகழாய்வுக்கு வந்த மாணவர்களுக்குக் கடைசி நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள். மாலையில் எல்லோரும் பேருந்து பிடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள்.